கிளெமென்ட்டுக்கு மூன்று நாள் துக்கம்

தசரதன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது ஜமுனா உள்ளே வந்துவிட்டாள்.

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் புருஷன் அழுது அவள் பார்த்ததே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து விலா எலும்பு இரண்டு உடைந்தபோதுகூட, "புது செல்போன் போச்சே" என்றுதான் அங்கலாய்த்தான். அப்பேர்ப்பட்ட ஆள் பகல் பதினொரு மணிக்கு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, தோளில் கிடந்த துண்டில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தால் எந்தப் பெண்டாட்டிதான் பயப்படமாட்டாள்?

"மாமா, இன்னாச்சு?"

தசரதன் பட்டென்று திரையை அணைத்தான்.

"பல்லு வலினு சொல்லித்தானே இன்னைக்குக் கடலுக்குப் போவல? அவ்ளோ வலிக்குதா?"

ஆமாம், பல்தான் என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். நாமும் வேறு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். ஆனால் அவனுக்கு வந்திருந்தது நிஜமான துக்கம். அதற்கு முன்னால் பல்வலி எடுபடவில்லை.

"செத்துட்டான் ஜமுனா."

"ஐயோ! யாரு?"

"கிளெமென்ட்."

கிளெமென்ட் ஒரு ரத்தக்காட்டேரி. வயது முந்நூறுக்கு மேல். இருந்தது 'நைட் ஹார்பர்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில்.

இருபது வருஷத்துக்கு முன்னால் தசரதன் பொன்னேரியில் ஐ.டி.ஐ. படித்தான். டீசல் மெக்கானிக் பிரிவு. ஒர்க்‌ஷாப்பில் இருந்த நேரத்தைவிட ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில் இருந்த நேரம்தான் அதிகம். அங்கேதான் அந்த விளையாட்டு. யாரோ கழுத்தில் கடித்துக் கடலில் தள்ளிவிட்ட ஆளாக நாம் ஆரம்பிக்க வேண்டும். மூச்சு முட்டி மூழ்கும்போது ஒரு வெள்ளைக் கை வந்து நம்மைத் தண்ணீரிலிருந்து தூக்கும். அதுதான் கிளெமென்ட். "பயப்படாதே, எனக்கும் முந்நூறு வருஷமாக நீச்சல் தெரியாது" என்பான். அந்த ஒரு வசனத்தில் தசரதன் விழுந்தவன், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்கக் கிளெமென்ட் சொல்லிக்கொடுத்தது. அதனால் இன்றைக்கும் வெளியூர்க்காரர்கள் பறவை பார்க்க வந்து வழி கேட்டால், பழைய காலத்துப் பிரபு மாதிரி குனிந்து வணங்கிவிட்டுத்தான் பஸ் ஸ்டாப்பைக் காட்டுவான்.

கல்யாணமான புதிதில், அந்த விளையாட்டைப் பதினான்கு தடவை ஆடி முடித்தவன் தன் புருஷன் என்று தெரிந்ததும், இனிமேல் அதைத் தொடமாட்டேன் என்று ஜமுனா தன் தலையில் அடிக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தசரதனும் தொடவில்லை. அதைத் தொடவில்லை. ஆனால் இரண்டாம் பாகம் வரப்போவதாகச் சேதி வந்தது. சத்தியத்தில் இரண்டாம் பாகம் சேர்த்தி இல்லையே என்று அவனுடைய மனசாட்சி வக்கீல் மாதிரி பேசியது. காற்று நிலவரம் பார்க்க என்று சொல்லி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். கம்பெனி கைமாறியது, தேதி தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. அவன் காத்திருந்தான். கடைசியில் நேற்று வந்தேவிட்டது. இன்றைக்குப் பல்வலி.

பத்தே நிமிஷம்தான் ஆடினான்.

முதல் பாகத்தில் துறைமுகம் முழுக்க மீன் வாடை அடிக்கும் போலிருக்கும். இதில் துறைமுகத்தை இடித்து ஷாப்பிங் மால் கட்டியிருந்தார்கள். அதில் தெருவில் போகிற ஒவ்வொருத்தனிடமும் ஒரு கதை இருந்தது. இதில் எவனிடம் பேசினாலும் "இன்று இரவு குளிர் அதிகம்" என்று ஒரே பாட்டு. ஒரு மூலையில் அலங்காரத்துக்கு மீன் வலை ஒன்று தொங்கியது. அதில் மிதவை கீழே, ஈயக்குண்டு மேலே. தசரதன் அதையும் பொறுத்துக்கொண்டான். அப்போது கிளெமென்ட் வந்தான். வந்தவன் விடிந்த பிறகு கதவைத் திறந்து, "என்ன அழகான வெளிச்சம்" என்று சொல்லிக்கொண்டே வெயிலில் போய் நின்று, எரிந்து சாம்பலாகிவிட்டான். முந்நூறு வருஷம் வெயிலுக்குத் தப்பித்தவன்! அவனை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் கொன்றுவிட்டார்கள் பாவிகள். அதற்குமேல் ஒரு நிமிஷம் ஆடத் தசரதனுக்கு மனசு வரவில்லை.

இதையெல்லாம் ஜமுனாவிடம் சொல்ல முடியுமா?

"யாரு மாமா கிளெமென்ட்டு?"

"பொன்னேரில படிக்கசொல்ல பழக்கம்."

"பத்து வருஷத்துல ஒரு வார்த்த சொன்னதில்லயே?"

"சொன்னா நீ திட்டுவ."

"ஏன், குடிப்பாரா?"

தசரதன் யோசித்தான். "குடிப்பான். சாராயம் இல்ல."

"எப்பிடிச் செத்தாரு?"

"வெயில்ல நின்னு."

"அடப்பாவமே. வெயிலு ஒத்துக்காத ஒடம்பா?"

"சுத்தமா ஒத்துக்காது." அவன் மறுபடியும் துண்டில் மூக்கைச் சிந்தினான். "என்னைத் தண்ணிலருந்து தூக்கினவன் ஜமுனா. அவன் கை மட்டும் வரலைன்னா நான் அன்னைக்கே காலி."

சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. வினையே அதுதான்.

ஏனென்றால் சவுக்குமேட்டுக் குப்பத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் வலை இறக்கமாட்டார்கள். அது எல்லாக் குப்பத்திலும் இருப்பதுதான். இரண்டாவது இவர்களுக்கே உரியது. இந்த ஊர் ஆள் ஒருத்தனைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றியவன் எந்த ஊராக இருந்தாலும், எந்தச் சாதி மதமாக இருந்தாலும், அவன் இந்த ஊர்ப் பிள்ளை. அவன் செத்தால் ஊரே துக்கம் காக்க வேண்டும்.

ஜமுனா கண்ணைத் துடைத்துக்கொண்டு குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாயடிக்குப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் ஊர்த் தலைவர் நீலமேகம் ஆள் அனுப்பிவிட்டார்.

நீலமேகம் என்றால் குப்பத்து நாய்கள்கூட ஓரமாகத்தான் போகும். ஐம்பது வயது, முறுக்கிய மீசை, பேச்சில் சிரிப்பு கிடையாது. போன வருஷம் ஒருத்தன் நெல்லூரில் மாமா செத்துவிட்டார் என்று பொய் சொல்லி ஊர் வேலைக்கு மட்டம் போட்டான். அந்த மாமா மறுவாரமே குப்பத்துக்கு வந்து கருவாடு வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு நீலமேகம் ஒரு சட்டம் போட்டார். பொய்ச் சாவு சொன்னவனுக்கு ஒரு வருஷம் பாடு கிடையாது.

பாடு என்றால் முறை. பழவேற்காடு ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த இடத்தில் எந்த நாளில் யார் கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். பாடு இருக்கிறவன் ஏரிக்காரன். இல்லாதவன் கரையில் நின்று அடுத்தவன் வலையில் இறால் துள்ளுவதை வேடிக்கை பார்க்கலாம். இது இறால் ஓடுகிற மாசம் வேறு.

உண்மையைச் சொல்லிவிட்டுக் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் தசரதன் போனான்.

"யாருடா செத்தது?" என்றார் நீலமேகம்.

"கிளெமென்ட்னு ஒருத்தன் தலைவரே. ஆனா அது வந்து..."

நீலமேகம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "கிளெமென்ட்டா? தண்ணிலருந்து தூக்கினவனா?"

குழாயடிச் செய்தி அதற்குள் இங்கே வந்தாகிவிட்டதா என்று தசரதன் நொந்துகொண்டான். "ஆமா தலைவரே."

"எப்பிடிச் செத்தான்?"

"வெயில்ல நின்னு."

"வெயில்லயா!" தலைவர் எழுந்தே விட்டார். "எவனாவது தானா போயி வெயில்ல நிப்பானா? அறிவு வேணாம்?"

"அதான் தலைவரே எனக்கும் ஆறல."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கம்ப்யூட்டர்ல வந்துது. நேத்து."

"வந்துடுச்சா..." என்று நீலமேகம் தனக்குள் முணுமுணுத்தார். பிறகு வெற்றிலையை வாயில் போடாமலே தட்டில் வைத்துவிட்டு, "நாளைக்கு வலை எறங்காது. ஊருக்குச் சொல்லிடு" என்றார்.

தசரதன் கையெடுத்துக் கும்பிட்டான். "வேணாம் தலைவரே! இறால் ஓடற நேரம். ஊருக்கு நஷ்டம்."

"பேசாதடா. உசுரக் காப்பாத்தினவனுக்கு ஒரு நாள் ஒக்காரலன்னா நாம இன்னா மனுஷங்க?"

இவ்வளவு கடுமையான ஆளுக்குள் இப்படி ஒரு ஈரமா என்று தசரதனுக்கே நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நெகிழ்ந்த நெஞ்சோடு ஒருவனால் எப்படிக் குட்டை உடைக்க முடியும்? வீட்டுக்கு வந்துவிட்டான்.

மறுநாள் காலையில் குப்பத்துப் படகுகள் எல்லாம் மணலில் கிடந்தன. தசரதன் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவை தன்னையே பார்ப்பது போலிருந்தது. பொறுக்க முடியாமல் மறுபடியும் தலைவர் வீட்டுக்குப் போனான். தலைவர் மனைவி இருசம்மாள் வாசலில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, தலைவரப் பாக்கணும்."

"கதவ சாத்தினு உள்ள கீறாருப்பா. எவனும் வரக்கூடாதுனு சொல்லிட்டாரு. நேத்துலருந்து சரியா சோறுகூடத் துன்னல. கண்ணெல்லாம் செவசெவனு கீது."

"எனக்காகவா அக்கா?"

"யாருக்காவோ. எங்கிட்ட இன்னா சொல்றாரு?"

தசரதன் தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பியபோது, பைக்கில் வந்த தருமன் வழிமறித்தான். தருமன் குப்பத்து இளைஞர் மன்றச் செயலாளர். அதைவிட முக்கியம், அவன் பழவேற்காட்டில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தான். யாருக்குக் காது குத்தினாலும் யார் கண்ணை மூடினாலும் அவனுக்குக் கை பரபரக்கும்.

"அண்ணே, கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்கறோம். போட்டோ குடு."

"போட்டோலாம் இல்லடா."

"உசுரக் காப்பாத்தினவன் போட்டோ இல்லியா? ஊரு இன்னா பேசும்?"

வேறு வழியில்லாமல் தசரதன் முதல் பாகத்தில் எப்போதோ எடுத்து வைத்திருந்த ஒரு படத்தைப் போனில் அனுப்பினான். தருமன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இன்னாண்ணே, ஆளு இவ்ளோ வெளுத்து கீறான்? ஒடம்புல ரத்தமே இல்லியா?"

"அதுதான்டா அவனுக்குப் பிரச்சினையே."

"பல்லு ரெண்டு நீட்டினு கீது?"

"தெத்துப்பல்லு."

"சரி, நான் கரெக்ட் பண்ணிக்கறேன். பின்னாடி பெருசா சிலுவை வைக்கறேன், கிறிஸ்டினுதானே?"

தசரதன் பதறினான். "சிலுவை வேணான்டா! அவனுக்கு அதப் பாத்தா பயம்."

"பயபக்தினு சொல்லுண்ணே," என்று தருமன் மெச்சிக்கொண்டான். "எந்த வருஷம் பொறந்தாரு?"

"ஆயிரத்து எழுநூறு..." என்று ஆரம்பித்துவிட்ட தசரதன் நாக்கைக் கடித்துக்கொண்டு, "எண்பத்தெட்டு" என்று முடித்தான்.

மத்தியானம் பேனர் வந்து பஸ் நிற்குமிடத்தில் ஏறியது. தருமன் கிளெமென்ட்டுக்கு மாநிறம் ஏற்றி, மீசை வைத்து, வெள்ளைச் சட்டை மாட்டி, தெத்துப்பல்லை எடுத்துவிட்டிருந்தான். முந்நூறு வருஷத்துக் காட்டேரி, பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கிற ஆள் மாதிரி கைகூப்பிக்கொண்டிருந்தான். பின்னால் ஆளுயரச் சிலுவை. கீழே, 'கரை சேர்த்த கை எங்கே? தோற்றம்: 1788. மறைவு: நேற்று.' ஊரில் அத்தனை பேரும் அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தரும் கணக்குப் போடவில்லை.

இத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து சேதி வந்தது. காலையில் வலை இறக்கியவர்களுக்கெல்லாம் இறாலுக்குப் பதிலாகச் சொறிமீன். வழவழவென்று கூழ் மாதிரி வலை முழுக்க அடைத்துக்கொண்டு, இழுக்க இழுக்க வலை கிழிந்துவிட்டதாம். தொட்டவன் கையெல்லாம் அரிப்பாம்.

சவுக்குமேட்டுக் குப்பத்தில் ஒரு வலைகூடக் கிழியவில்லை. ஏன்? கிளெமென்ட்!

"செத்தும் நம்மள காப்பாத்தினாரு பாரு," என்று ஜமுனா பேனருக்கு முன்னால் அகல்விளக்கு ஏற்றினாள். அதைப் பார்த்து நாலு பெண்கள் பூ கொண்டுவந்து வைத்தார்கள். யாரோ ஒருத்தி குழந்தைக்கு அங்கேயே திருநீறு பூசினாள். தசரதன் வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா சொல்லக்கூடாது, இந்த அழிச்சாட்டியத்துக்கு நடுவிலும் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அந்தக் கம்பெனிக்காரன்கள் பத்து நிமிஷத்தில் தூக்கிப் போட்ட கிளெமென்ட்டுக்கு இங்கே பூ விழுகிறது!

அப்போது நீலமேகம் வந்தார். கண் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தது. நடையில் தள்ளாட்டம். ஊரே எழுந்து நின்றது.

"இன்னும் ரெண்டு நாள் வலை எறங்காது," என்றார். "மொத்தம் மூணு நாள்."

"தலைவரே, ஒரு நாள் போதும்!" என்று தசரதன் அலறினான்.

"உனக்குத் தெரியாது. சும்மா இரு. ஒரு நாள்ல முடியற விஷயமாடா இது?" என்று சொல்லிவிட்டு, யாரிடமும் நின்று பேசாமல் அவசரமாக வீட்டைப் பார்த்து நடந்தார். சொறிமீன் போகட்டும் என்றுதான் சொல்கிறார் என்று ஊர் அவருடைய அனுபவத்தை மெச்சிக்கொண்டது.

மூன்றாம் நாள் காலையில் சவுக்குத் தோப்பில் பந்தல் போட்டுக் கூட்டம் கூடியது. கிளெமென்ட்டின் மத முறைப்படி ஜெபம் வேண்டுமே என்று பழவேற்காட்டிலிருந்து சூசையம்மாளை வரவழைத்திருந்தார்கள். மீன் ஏலத்தில் அவள் குரலை மிஞ்ச ஆள் கிடையாது. ஜெபத்திலும் அப்படித்தான்.

"எந்த ஊருப்பா கிளெமென்ட்டுக்கு?" என்று தசரதனைக் கேட்டாள்.

தசரதன் வாயில் வந்ததைச் சொன்னான். "சுண்ணாம்புக்குளம் பக்கம்."

"நான் பொறந்ததே சுண்ணாம்புக்குளம்தான். அங்க ஏது கிளெமென்ட்டு?"

"வெளியவே வரமாட்டான் அக்கா. பகல்ல வீட்டுக்குள்ளயே இருப்பான்."

"ஞாயித்துக்கெழம பூசைக்குமா வரமாட்டான்?"

"அதுக்குக் கண்டிப்பா வரமாட்டான்."

சூசையம்மாள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நல்லவேளை, அதற்குள் தருமன் எழுந்து பேச ஆரம்பித்துவிட்டான்.

"பெரியவங்களே, ஒண்ணு மறந்துட்டோம். தண்ணிலருந்து தூக்கினவன் குடும்பத்துக்கு ஒரு பாடு குடுக்கணும். அது நம்ம ஊர் வழக்கம். இந்த வருஷம் புதுசா ஒரு சீட்டு சேக்கறோமே, அத கிளெமென்ட் அண்ணன் வீட்டுக்கு எழுதிடலாம்."

"ஆமா, ஆமா," என்றது கூட்டம்.

நீலமேகம் துண்டால் முகத்தைத் துடைத்தார். இன்றைக்கு அவர் முகம் என்னவோ தெளிந்து, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இதைக் கேட்டதும் அது வாடியது. "அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கு? அப்பால பாத்துக்கலாம்."

"வழக்கம்னா வழக்கம்தானே தலைவரே?"

அந்தப் புதுச் சீட்டு செவ்வந்திக்கு என்று ஏற்கெனவே பேசி முடித்தது. புருஷன் போனபிறகு, தம்பியை வைத்து வலை கட்டிக்கொள்கிறேன் என்று இரண்டு வருஷமாக ஊரைக் கேட்டுக் கேட்டு, இந்தத் தடவைதான் சரி என்றிருந்தார்கள். தம்பியும் அவளும் சேர்ந்து புது வலை பின்னி, சாயம் போட்டுக் காய வைத்திருந்தார்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

செவ்வந்தி எழுந்தாள். "அவரு வீட்டுக்கே போவட்டும்பா. தசரதண்ணன் உசுர விடவா பாடு பெருசு? நான் அடுத்த வருஷம் பாத்துக்கறேன்," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உட்காரும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தசரதனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"வலை மேல கை வச்சு, கிளெமென்ட்தான் தூக்கினான்னு ஒரு வார்த்த சொல்லிடுண்ணே, எழுதிடறேன்," என்று தருமன் ஒரு வலையைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டான்.

தசரதன் வலையைப் பார்த்தான். ஜமுனாவைப் பார்த்தான். ஒரு வருஷம் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதை நினைத்துப் பார்த்தான். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கிளெமென்ட்னு ஒரு ஆளே கெடையாது," என்றான்.

எழுத எடுத்த பேனாவைத் தருமன் மூடினான்.

"அவன் ஒரு ரத்தக்காட்டேரி. கம்ப்யூட்டர் கேம்ல வர்றவன். தண்ணில வுழுந்ததும் கேம்லதான், தூக்கினதும் கேம்லதான். நான் ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும். தைரியம் வரல. அந்தச் சீட்ட செவ்வந்திக்கே எழுதிடுங்க. எனக்கு இன்னா தண்டனையோ குடுங்க."

"யோவ்!" ஜமுனா 'மாமா' என்று கூப்பிடுவதையும் மறந்து எழுந்தாள். "என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணியே!"

"முதல் பாகத்துக்குத்தான் ஜமுனா பண்ணேன்."

"அப்ப நீ அழுதது?"

"அது நெசம். இருபது வருஷம் காத்துனு இருந்தேன் ஜமுனா. கதவத் தொறந்து வெயில்ல நிக்க வச்சு கொன்னுட்டானுங்க. நம்ம ஊரு மாதிரி இருந்த துறைமுகத்த இடிச்சு மால் கட்டிட்டானுங்க. ஒரு வலை மாட்டி வச்சிருக்கானுங்க, அதுல மிதவை கீழ, குண்டு மேல."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "மிதவை கீழயா?" என்று ஒருத்தர் நம்பாமல் கேட்டார்.

"ஆமா."

"இருபது வருஷம் எடுத்துனு ஒரு வலைய நேரா மாட்டத் தெரியலியா அவனுங்களுக்கு?"

"மீன் எப்பிடிடா வுழும் அதுல?" என்று இன்னொருத்தர் எழுந்தார். கொஞ்ச நேரம் தசரதனை எல்லோரும் மறந்துபோய் அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டினார்கள். பேனருக்கு முன்னால் திருநீறு பூசிய குழந்தையின் தாய் மட்டும் அதை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். சூசையம்மாள் ஜெபப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நல்ல காலம், ஆரம்பிக்கல," என்றாள்.

தருமன்தான் விடவில்லை. காட்டேரிக்கு மீசை வைத்த அவமானம் அவனுக்கு. "அதெல்லாம் கெடக்கட்டும். மூணு நாளு ஊரையே ஒக்கார வச்சுட்டாரு. பொய்ச் சாவுக்கு ஒரு வருஷம் பாடு கெடையாது. சட்டம் போட்டதே தலைவருதான். தலைவரே, சொல்லுங்க."

எல்லோரும் நீலமேகத்தைப் பார்த்தார்கள். தசரதன் கண்ணை மூடிக்கொண்டான்.

நீலமேகம் தொண்டையைக் கனைத்தார். மீசையைத் தடவினார். "செவ்வந்திக்கு சீட்டு எழுதியாச்சு. அது முடிஞ்சுது," என்றார். மறுபடியும் கனைத்தார். "தசரதன் தானா வந்து உண்மைய சொல்லிட்டான். வலையும் கிழியாம தப்பிச்சுது. அதனால, வந்து... மன்னிச்சு வுட்டுடலாம்."

கூட்டத்தால் நம்ப முடியவில்லை. கருவாடு வாங்க வந்த மாமாவைக்கூட நாலு கேள்வி கேட்டு அனுப்பிய ஆள் இவர்!

"இன்னா தலைவரே, அந்த நெல்லூர் மாமா கேஸ்ல ஒரு நாளுகூடக் கொறைக்கமாட்டேன்னு சொன்னீங்களே?" என்றான் தருமன்.

"அது வேற. இது வேற."

"எப்பிடி வேற?"

நீலமேகத்துக்கு வேர்த்தது. "டேய், எல்லாத்துக்கும் காரணம் சொல்லினு இருக்க முடியாது. கூட்டம் முடிஞ்சுது. எல்லாரும் டீ குடிச்சிட்டுப் போங்க."

பந்தல் ஓரத்தில் டீ ஊற்றிக்கொண்டிருந்த இருசம்மாள் தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள், இப்போது புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆசையில் புருஷனைக் கேட்டாள்:

"ஏங்க, மூணு நாளா கதவ சாத்தினு அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி குந்தினு இருந்துட்டு, இன்னைக்குக் காலைல 'சவப்பொட்டியத் தொறந்துனு எழுந்து வந்துட்டான்டி'னு என்னைக் கட்டிப்புடிச்சுக் குதிச்சீங்களே, அது இந்தக் கிளெமென்ட்தானா?"